பொட்டாசியம் நேற்று 6.2, இன்று 4.3: எதை நம்புவது?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. வழக்கமான இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 6.2 என்று வந்தது. அவருக்குத் தொந்தரவு எதுவும் இல்லை. பயந்துபோய் மறுநாள் வேறொரு லேபில் எடுத்தோம், 4.3தான். இடையில் எந்த மருந்தும் கொடுக்கவில்லை. முதல் நாள் இரத்தம் இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்ததாம். அதனால் இப்படி மாறுமா?

பதில்: மாறும், நன்றாகவே மாறும்.

சீரத்தில், அதாவது இரத்தம் உறைந்தபின் அணுக்களிலிருந்து பிரியும் நீரில், பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரைதான் இருக்கும். செல்லுக்குள்ளோ சுமார் 140. சோடியம் இதற்கு நேர்மாறு: வெளியே அதிகம், உள்ளே குறைவு. இந்த ஏற்றத்தாழ்வு தானாக நிற்பதில்லை. இரண்டுமே செல் சவ்வு வழியாக எந்நேரமும் கசிந்துகொண்டிருக்கின்றன. ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பதுபோல, சவ்விலுள்ள ஒரு நொதி அதை விடாமல் சரிசெய்கிறது. செல்லின் எரிபொருளான ஏடிபியில் ஒரு மூலக்கூறைச் செலவழித்து மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். யென்ஸ் ஸ்கோ என்ற டென்மார்க் விஞ்ஞானி நண்டின் கால் நரம்பில் இதைக் கண்டறிந்து 1957இல் எழுதினார். நோபல் பரிசு வர 1997 ஆகிவிட்டது!

குளிரில் இந்த நொதி ஏறக்குறைய படுத்துவிடும், கசிவு மட்டும் தொடரும். சீரத்தைப் பிரிக்காமல் குழாயை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்தால், சிவப்பணுக்களில் இருக்கும் பொட்டாசியம் மெல்ல மெல்ல வெளியே வந்து எண்ணை ஏற்றிவிடும். இரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்தாலும் இதே கதைதான். அப்போது சீரம் சிவந்திருக்கும். கையில் பட்டையை இறுகக் கட்டி, விரல்களை மடக்கி மடக்கி விரித்தாலும் கொஞ்சம் ஏறும்.

சரி, அதற்காக 6.2ஐ லேப் தவறு என்று தள்ளிவிடலாமா? கூடாது. உண்மையாகவே அவ்வளவு இருந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். அறிகுறி இல்லை என்பதும் ஆறுதல் அல்ல. அன்றே ஈசிஜி, உடனே மறுபரிசோதனை, இதுதான் முறை. உண்மையான உயர்வு என்றால் மருத்துவமனையில் குளுக்கோஸுடன் இன்சுலின் கொடுப்போம். சர்க்கரைக்காக அல்ல. இன்சுலின் இதே நொதியை முடுக்கிவிட்டுப் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் அனுப்பும்.

உங்கள் அப்பா விஷயத்தில் 4.3ஐத்தான் நம்புவேன். ஆனால் அவருக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, ராமிப்ரில், லோசார்டன், ஸ்பைரனோலாக்டோன் போன்ற, பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய மாத்திரை சாப்பிட்டாலோ, சில நாட்களில் கிரியாட்டினினோடு (சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் பரிசோதனை) சேர்த்து இன்னொரு முறை பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.