வாசகர் கேள்வி – பதில்: நாலு பேரைத் தெரிந்துகொள்வது எப்படி?

கேள்வி: பாவூர்ச்சத்திரத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு நாள்தோறும் பேருந்தில் போய் வருகிறேன் அம்மா. உயிரியல் சார்ந்த முதுநிலைப் படிப்பில் முதலாம் ஆண்டு. என் தாயார் பீடி சுற்றுகிறார்; எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விடுதியில் இருப்பவர்கள் மாலையில் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் நெருக்கமாகிவிட்டார்கள். எனக்கோ வகுப்பு முடிந்ததும் பேருந்தைப் பிடிப்பதே பெரும்பாடு. "நாலு பேரைத் தெரிந்து வைத்திருந்தால்தான் வேலை" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு யாரையும் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நாலு பேரைத் தெரிந்து வைத்திருப்பது என்று நம் பக்கத்தில் சொல்வதற்கு இரண்டு பொருள் உண்டு. நமக்காகப் பரிந்து பேச ஆள் இருப்பது ஒன்று. எங்கே என்ன நடக்கிறது, எதற்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்ல ஆள் இருப்பது மற்றொன்று. முதலாவது பிறந்த வீட்டைப் பொறுத்தது. அதை நினைத்து வருந்தி நாளைக் கழிக்க வேண்டாம். இரண்டாவதை நீங்களே உண்டாக்கிக்கொள்ளலாம், அதற்கு நெருங்கிய நட்புகூடத் தேவையில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், பாஸ்டனுக்கு அருகில் வேலை மாறியவர்களிடம் விசாரித்து 1973-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலமாக வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் 16.7 விழுக்காடு மட்டுமே. மற்றவர்களெல்லாம் எப்போதாவது, அல்லது மிக அரிதாகப் பார்த்த ஒருவர் சொல்லித்தான் வேலையை அறிந்திருந்தார்கள். இதற்குக் காரணம் எளிது. நம்மோடு எப்போதும் இருப்பவருக்கு நாம் அறிந்ததே தெரிந்திருக்கும். நமக்குத் தெரியாத செய்தி வேறொரு வட்டத்தில் இருப்பவரிடமிருந்துதான் வர முடியும்.

இது என் வாழ்க்கையிலும் நடந்தது. எழுபதுகளின் இறுதியில் நான் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ரயிலில் வந்து பாளையங்கோட்டையில் படித்தேன். மாலை ரயிலுக்கு நேரம் இருக்கும் நாள்களில் கல்லூரி நூலகத்தின் கடைசி மேசையில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் நூலகர் என்னிடம் வந்து, கழித்துப் போட்ட நூற்பட்டியல் அட்டை ஒன்றைத் திருப்பி, அதன் வெற்றுப் பக்கத்தில் மூன்று புத்தக எண்களைப் பென்சிலால் எழுதிக் கொடுத்தார். "இதே வரிசைப் புத்தகத்தைக் கேட்டு இன்னொரு பிள்ளையும் வருது தாயி, அதையும் பாரு" என்றார். அந்தப் பெண் வேறு துறை, என்னைவிட ஓராண்டு மூத்தவள். அவளோடு நான் மொத்தமே நாலைந்து முறைதான் பேசியிருப்பேன். அப்போது நெல்லைக் கல்லூரிகள் மதுரைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. இங்கே தனிப் பல்கலைக்கழகம் வந்தது 1990-ல்தான். மதுரையில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பம் கொடுக்கிறார்கள், கடைசி நாள் நெருங்குகிறது என்று அவள் சொல்லியிராவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. என் வகுப்புத் தோழிகள் ஒருவருக்கும் தெரியவில்லை. நான் ஆசிரியையானதற்கு அந்த அட்டை ஒரு காரணம் என்று இன்றும் நம்புகிறேன்.

ஆகவே நூலகரிடமும் ஆய்வக உதவியாளரிடமும் துறை அலுவலகத்தில் இருப்பவரிடமும் பேசிப் பழகுங்கள். துறையைத் தாண்டி யார் என்ன செய்கிறார்கள் என்பது பேராசிரியர்களைவிடவும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பேருந்துப் பயணத்தை இழப்பாக நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராவதற்கு ஏறத்தாழ 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் ஒன்றாகக் கழிக்க வேண்டியிருக்கிறது. வகுப்பில் அருகருகே உட்கார்ந்திருக்கும் நேரம் இதற்கு அவ்வளவாக உதவுவதில்லை, ஓய்வாகச் சேர்ந்திருக்கும் நேரமே உதவுகிறது. ஆலங்குளத்தில் ஏறி அபிஷேகப்பட்டியில் இறங்கும் மாணவி ஒருத்தி உங்கள் பேருந்தில் நிச்சயம் இருப்பாள். நாளுக்கு ஒரு மணி நேரம் அவளோடு பேசினாலும், ஒரு பருவம் முடிவதற்குள் அந்த 50 மணி நேரம் நிறைந்துவிடும். விடுதி மாணவிகளோடு சேர மாலைதான் வேண்டும் என்பதில்லை. மதிய உணவை வகுப்பறையிலேயே தனியாகத் திறக்காமல் அவர்கள் சாப்பிடும் இடத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.

உங்கள் பாடத்துக்கு ஏற்ற வாய்ப்பு ஒன்றையும் சொல்கிறேன். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் ஆண்டுதோறும் ஜனவரி மாத வாக்கில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். மாணவர்கள், ஆசிரியர்கள், பறவை ஆர்வலர்கள் எனப் பலரும் குழு குழுவாகப் பிரிந்து அதிகாலையில் குளக்கரைக்குப் போகிறார்கள். தொலைநோக்கியை மாற்றி மாற்றிப் பார்த்து, கரையில் நிற்பது நத்தைகுத்தி நாரையா செங்கால் நாரையா என்று முடிவுசெய்து குறிப்பேட்டில் எழுதும் அந்த இரண்டு மணி நேரத்தில், யாரும் யாரிடமும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளத் தயங்குவதில்லை. பேசுவதற்கு இருவருக்கும் நடுவில் ஒரு வேலை இருக்கும்போது கூச்சம் தானாகக் குறைந்துவிடும். உறவு வேண்டும் என்று ஒருவரைத் தேடிப் போவதைவிட, ஒரு வேலையில் சேருவதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். ஆழ்வார்குறிச்சியில் உங்கள் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையமே இருக்கிறது. அங்கு நடக்கும் கருத்தரங்குகளை விசாரித்து வையுங்கள், உங்கள் ஊருக்கும் அது தொலைவு இல்லை.

கேள்வி: பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பேராசிரியர்களிடம் போய்ப் பேச அச்சமாக இருக்கிறது. வெளியூர் ஆய்வகங்களில் கோடை விடுமுறையில் பணிபுரிய ஆசை. ஆனால் யாருக்கு, என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஆங்கிலமும் சரளமாக வராது.

பதில்: ஆசிரியர்கள் முகம் சுளிப்பது கேள்விக்காக அல்ல, ஆயத்தம் இல்லாத கேள்விக்காக. "ஐயா, எனக்கு ஏதாவது வழி சொல்லுங்கள்" என்று வருபவருக்கு யாராலும் வழி சொல்ல முடியாது. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தை நடத்துகிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை அதில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். நீங்கள் எழுத நினைக்கும் பேராசிரியரின் வழிகாட்டுதலில் வந்த ஆய்வேடு ஒன்றைத் தேடி எடுத்து, முன்னுரையையும் முடிவுரையையும் மட்டுமாவது படித்துவிட்டு எழுதுங்கள்.

மடல் நீளமாக இருக்க வேண்டியதில்லை. "நான் இன்ன கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவன். தங்கள் வழிகாட்டுதலில் வந்த இன்ன ஆய்வேட்டைப் படித்தேன். மெல்லிய படலங்களை வெப்பப்படுத்தும்போது கடத்துத்திறன் மாறுவதற்கான காரணம் எனக்கு முழுமையாகப் புரியவில்லை. அதற்கு முன் நான் படிக்க வேண்டிய நூல் ஒன்றைச் சொல்வீர்களா? மே மாதத்தில் தங்கள் ஆய்வகத்தில் ஒரு மாதம் உதவியாக இருக்க விரும்புகிறேன்." இவ்வளவு போதும். முதலில் தமிழில் எழுதிப் பாருங்கள். எண்ணம் தெளிந்துவிட்டால் ஆங்கிலத்தில் சிறு சிறு வாக்கியங்களாக மாற்றுவது கடினமல்ல. தமிழறிந்த பேராசிரியருக்குத் தமிழிலேயே அனுப்புவதில் குறை ஒன்றும் இல்லை. பத்து பேருக்கு எழுதினால் இருவர் பதில் தந்தாலே நல்லது. மற்ற எட்டுப் பேரின் மௌனத்தை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெங்களூரு, புதுதில்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் உள்ள மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து வழங்கும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகையையும் பாருங்கள். இரண்டு மாதம் ஓர் அறிவியலாளரிடம் பணிபுரியலாம். வழக்கமாக முந்தைய ஆண்டு நவம்பரிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும் என்பதால், பலர் ஏப்ரலில் தேடத் தொடங்கி ஏமாந்துபோகிறார்கள்.

கேள்வி: விடுதியில் சேர்ந்த முதல் வாரமே, எங்கள் ஊர்ப் பக்கத்து மூத்த மாணவர்கள் என்னைத் தங்கள் அறைக்கு அழைத்துப் பரிவோடு நடந்துகொண்டார்கள். இப்போது "நம்ம ஆட்களோடு மட்டும் பழகு" என்கிறார்கள். கையில் கட்டிக்கொள்ளக் கயிறும் தந்திருக்கிறார்கள். அவர்களை விட்டு விலகினால் தனியாகிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. வீட்டை விட்டு முதன்முதலாக வந்த பிள்ளைக்கு, சாப்பிட்டாயா என்று கேட்ட முதல் குரல் எத்தனை பெரியது என்பதை அறிவேன். அந்தப் பரிவுக்கு நன்றியோடு இருங்கள். ஆனால் கயிற்றைக் கட்டாதீர்கள்; அது சாதி அடையாளம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், ஒரே பள்ளியில் படித்த மாணவர்களே ஒரு மாணவனின் வீடு புகுந்து அவனையும் தங்கையையும் வெட்டியதை நம் மாவட்டம் மறக்கவில்லை. அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவர்கள் வண்ணக் கயிறு, மோதிரம் போன்ற அடையாளங்களை அணியத் தடை விதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறது. பெற்றோரும் ஆசிரியர்களுமாகிய நாங்கள் இதை முன்பே தடுத்திருக்க வேண்டும். அந்தச் சுமையை உங்கள் வயதுப் பிள்ளைகள் சுமப்பது எனக்கு வேதனை தருகிறது.

ஒரே நாளில் முறித்துக்கொள்ள வேண்டாம். அந்த அண்ணன்மார்களிடம் மரியாதை குறையாமல், "வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் அண்ணே" என்று சொல்லிக் கயிற்றைத் திருப்பிக் கொடுங்கள். கூடவே, ஊர் கேட்காத ஓர் இடத்தில் சேர்ந்துவிடுங்கள்: கைப்பந்து அணியோ, தேசிய மாணவர் படையோ, நாடகக் குழுவோ எதுவானாலும் சரி. அடுத்த பந்தை யார் எடுப்பது என்பதே அங்கே கேள்வியாக இருக்கும். யாராவது மிரட்டினால் விடுதிக் காப்பாளரிடம் அன்றே எழுத்து மூலம் தெரிவியுங்கள். பகடிவதையைத் தமிழ்நாடு 1997-லேயே சட்டமியற்றித் தடை செய்திருக்கிறது. புகார் கொடுப்பது காட்டிக்கொடுப்பது ஆகாது.

கேள்வி: என் மகள் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்திருக்கிறாள். ஏழு நாள் முகாம் ஒரு கிராமத்தில் நடக்கிறதாம். படிப்பு கெடும், பெண் பிள்ளை வெளியே தங்குவதும் சரிவராது என்று அவளுடைய தந்தை தயங்குகிறார். அனுப்பலாமா? – ஒரு தாய், சேரன்மகாதேவி

பதில்: அனுப்புங்கள். 1969-ல் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் ஒரு மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். அதைத் தவிர இந்தச் சிறப்பு முகாம். மூன்றாண்டு வகுப்பில் பெயர் மட்டுமே தெரிந்திருந்த பிள்ளைகள், முகாமில் ஒரே அடுப்பில் உப்புமா கிண்டி, ஊர்க் குளத்துக் கரையில் சேர்ந்து முள்செடி வெட்டிவிட்டுத் திரும்பும்போது உடன்பிறந்தவர்களைப் போல ஆகிவிடுவதை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். தந்தையின் தயக்கத்திலும் நியாயம் உண்டு. இரவில் மாணவிகள் தங்கும் இடம் எது, உடன் தங்கும் ஆசிரியை யார், கழிப்பறை வசதி எப்படி என்பவற்றைத் திட்ட அலுவலரிடம் அவரே நேரில் கேட்கட்டும். சொல்லும் பொறுப்பு அவர்களுக்கு இருக்கிறது. பிறகு, முகாமின் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மாலையில் நீங்கள் இருவரும் அந்த ஊருக்குப் போய், பிள்ளைகளோடு உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.