உங்கள் வடிகாலில் பொங்குவது யார் வீட்டு நீர்?

கேள்வி: சிங்கப்பூரின் தெம்பனிஸில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. இரண்டாம் மாடியில் இருக்கிறோம், எங்களுக்குக் கீழே திறந்த தளம்தான். சில வாரங்களாகச் சமையலறைத் தரையிலுள்ள வடிகால் வாயில் இரவு நேரத்தில் நீர் பொங்கி வருகிறது. பிளம்பர் ஒருவர் வந்து ஏதோ திரவத்தை ஊற்றிவிட்டுப் பணம் வாங்கிச் சென்றார். ஒரு வாரம் தாங்கியது, பிறகு பழைய கதை. மீண்டும் அவரையே கூப்பிடலாமா, நகர மன்றத்திடம் சொல்லலாமா? செலவு யாருடையது?

பதில்: இப்போதைக்கு யாரையும் கூப்பிடாதீர்கள். இன்றிரவு அந்த வடிகால் வாய்க்கு அருகில் ஒரு முக்காலியைப் போட்டு உட்காருங்கள்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது ‘இரவு நேரத்தில்’ என்ற சொல்தான். நீர் பொங்கும்போது உங்கள் வீட்டில் யாராவது தண்ணீரைப் புழங்கிக்கொண்டிருந்தார்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. செலவு யாருடையது என்ற கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது.

சோதனை எளிது. மாடி வீடுகளில் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவும் நேரமாகப் பாருங்கள், எட்டு மணிக்கு மேல் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வீட்டுக் குழாய்கள் எல்லாவற்றையும் மூடுங்கள். துணி துவைக்கும் இயந்திரம் ஓடக்கூடாது. கையுறை போட்டுக்கொண்டு வடிகாலின் சல்லடை மூடியைத் தூக்குங்கள். உள்ளே எப்போதும் கொஞ்சம் நீர் தேங்கி நிற்கும், அது இருக்க வேண்டிய நீர்தான். அதன் மட்டத்தில் உள்சுவரைத் துடைத்து ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருங்கள். நீங்கள் சொட்டு நீரும் விடாத நிலையில் டேப் மூழ்கினால், வருவது மாடி வீடுகளின் நீர்.

நீரின் மட்டத்தோடு அதில் மிதப்பதையும் பாருங்கள். முட்டைகூட நுழையாத ஒரு சைவக் குடும்பத்தின் வடிகால் மூடியைத் திறந்தபோது உள்ளே மீன் செதில்கள் மினுங்கின. அந்த வீட்டுப் பெரியவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு பூஜை அறைப் பக்கம் போய்விட்டார். எனக்கோ பாதி வேலை முடிந்துவிட்டது. அடைப்பு அவர்கள் குழாயில் இல்லை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நம் அடுக்குமாடி வீடுகளில் சமையலறைத் தொட்டியின் நீரும் துணி இயந்திரத்தின் நீரும் பொதுவாக இந்தத் தரை வடிகாலுக்கே வருகின்றன. இங்கிருந்து தளத்துக்கு அடியில் ஓடும் கிளைக்குழாய் வழியாகப் பொதுவான செங்குத்துக் குழாயில் விழுகின்றன. ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் எல்லாச் சமையலறைகளுக்கும் அந்தக் குழாய் ஒன்றுதான். மேலிருந்து வேகமாக இறங்கும் நீர், அடியில் குழாய் வளைந்து கிடைமட்டமாகத் திரும்பும் இடத்தில் தளர்ந்துவிடும். கொழுப்பும் சோற்றுப் பருக்கையும் படிவது அங்கேதான். அங்கே அடைத்துக்கொண்டால் நீர் பின்வாங்கி, தனக்குக் கிடைக்கும் முதல் திறப்பில் தலைகாட்டும். இரண்டாம் மாடிக்காரர் வீடு அந்த முதல் திறப்பாக இருப்பதில் வியப்பில்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வருவது வெறும் நுரையா, நீரும் சேர்ந்தா என்று கவனியுங்கள். மேலே பல வீடுகளில் ஒரே நேரத்தில் துணி துவைக்கும்போது சவர்க்கார நுரை அந்த அடிவளைவில் குவிந்து, அடைப்பே இல்லாமலும் கீழ்வீட்டு வடிகாலில் எட்டிப்பார்க்கும். நுரை அடங்கிய பிறகு நீர்மட்டம் பழையபடி இருந்தால் அது வேறு வகைக் கோளாறு. அதையும் நகர மன்றத்திடம் சொல்லலாம், ஆனால் அடைப்பு என்று சொல்லாதீர்கள்.

டேப் மூழ்கவில்லையா? அப்படியானால் உங்கள் குழாயைச் சந்தேகிக்க வேண்டியதுதான். இரவில் துணி இயந்திரத்தை ஓட்டுகிறீர்களா? பாத்திரம் கழுவும் நீர் மெல்ல இறங்கும், பாதி அடைத்த குழாய்கூட அதைத் தாங்கிக்கொள்ளும். இயந்திரம் ஒரே மூச்சில் நீரைத் தள்ளும்போதுதான் குட்டு வெளிப்படும். மாறாக, தொட்டியில் மட்டும் நீர் தேங்கி, தரை வடிகால் அமைதியாக இருந்தால் தொட்டிக்கு அடியிலுள்ள குப்பி போன்ற பகுதியில்தான் அடைப்பு. கீழே ஒரு வாளியை வைத்துக் கையாலேயே திருகிக் கழற்றலாம். அதற்குப் பிளம்பர் எதற்கு?

சமையலறை, குளியலறை இரண்டிலும் ஒரே நேரத்தில் நீர் ஏறினால் யோசிக்கவே வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் இரண்டுக்கும் செங்குத்துக் குழாய்கள் வேறுவேறு. அவை சேருமிடம் உங்கள் வீட்டுக்கு வெளியே இருக்கிறது.

அந்தத் திரவத்துக்கு வருகிறேன். பெரும்பாலும் அது காஸ்டிக் சோடாவாக இருக்கும். அடைப்பு பொதுக் குழாயின் அடியில் இருந்தால், பிளம்பர் ஊற்றியது மாடி வீடுகளின் நீரில் கரைந்து போயிருக்கும். உங்கள் கிளைக்குழாயில் இருந்தாலும் அது கொழுப்பின் நடுவே ஒரு சின்ன ஓட்டையைத்தான் போட்டிருக்கும். ஒரு வாரம் தாங்கியது அதனால்தான். மிச்சக் கொழுப்பு காஸ்டிக்கோடு சேர்ந்து சவர்க்காரக் கட்டியாக இறுகவும் கூடும். சவர்க்காரம் காய்ச்சுவதே அந்த முறையில்தானே! அதைவிடப் பெரிய ஆபத்து, ஒன்று கேட்கவில்லை என்று இன்னொன்றை ஊற்றுவது. அமிலமும் பிளீச்சும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். பூட்டிய சமையலறையில் அது விளையாட்டல்ல.

செலவு விஷயம். உங்கள் வீட்டுக்கு மட்டும் பயன்படும் குழாய் உங்கள் பொறுப்பு. பொதுச் செங்குத்துக் குழாய் நகர மன்றத்தின் பொறுப்பு, அதன் அவசரப் பராமரிப்புப் பிரிவை 24 மணி நேரமும் அழைக்கலாம். “அடைத்துக்கொண்டது” என்று மட்டும் சொல்லாமல், “எங்கள் வீட்டில் குழாயைத் திறக்காமலேயே நீர் ஏறுகிறது” என்று சொல்லுங்கள். டேப் மூழ்குவதைக் கைபேசியில் படம் பிடித்து வைத்தால் வாக்குவாதம் மிச்சம். அடுக்குமாடியில் இல்லாமல் தனி நிலத்தில் கட்டிய தரைவீட்டில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு: வளாகத்துக்குள் ஓடும் கழிவுநீர்க் குழாய் வீட்டு உரிமையாளருடையது, வெளியே பொதுச் சாக்கடையில் அடைப்பு என்றால் பொதுப் பயனீட்டுக் கழகத்தை அழைக்க வேண்டும்.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. மற்றவர்களின் கிளைக்குழாய் கீழ்வீட்டுக் கூரைக்கு அடியில் ஓடும். அதைச் சுத்தம் செய்ய அந்த வீட்டு அழைப்பு மணியை அழுத்தி, தயங்கித் தயங்கி அனுமதி கேட்க வேண்டும். உங்களுக்குக் கீழே திறந்த தளம். இறங்கிப் போய் அண்ணாந்து பாருங்கள். குழாய் கண்ணுக்குத் தெரிந்தால், வளைவுக்குப் பக்கத்தில் திருகு மூடி போட்ட ஒரு வாய் இருக்கிறதா என்று தேடுங்கள். சுருள் கம்பியை அதன் வழியாகத்தான் விடுவார்கள். நீங்களாகத் திறந்துவிட வேண்டாம், மேலே தேங்கியிருப்பதெல்லாம் தலையில் இறங்கும்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. தீபாவளிக்கு முறுக்குச் சுட்ட எண்ணெயைத் தொட்டியில் கொட்டிவிட்டு, “நம் ஊர் வெயிலில் அது எங்கே உறையப் போகிறது?” என்பார்கள். உறைய வேண்டியதே இல்லை. சிதையும் கொழுப்பு நீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து குழாய்ச் சுவரில் மெழுகுபோலப் படியும், அரிசி மாவும் கோதுமை மாவும் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆறிய எண்ணெயைப் பழைய செய்தித்தாளில் ஊறவிட்டு, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

கடைசியில் பிளம்பர்தான் வர வேண்டும் என்றானால், அவர் கம்பியைச் சுருட்டியதும் பணத்தை எடுக்காதீர்கள். தொட்டியை விளிம்பு வரை நிரப்பி, துணி இயந்திரம் நீரை வெளியேற்றும் அதே நிமிடத்தில் அடைப்பானைப் பிடுங்குங்கள். தரை வடிகாலை இருவருமாக நின்று பாருங்கள். மட்டம் ஏறாமல் இருந்தால் அப்போது கொடுக்கலாம்.