பீர்க் குவளையை எவ்வளவு குளிர வைக்கலாம்?

தம்பி, மியூனிக்கில் உங்கள் வீட்டுக்கு முதன்முறையாக விருந்துக்கு வரும் அலுவலக நண்பர்களுக்குப் பீர் ஊற்றிக் கொடுக்க, குவளைகளை ஃப்ரீசரில் வைத்துப் பனி படிய எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. நம் ஊர் வெயிலில் 'கூலிங்' பீரே கேட்டு வாங்கிப் பழகியவர்களுக்கு இது உபசாரத்தில் குறை வைப்பதாகத் தோன்றலாம். ஆனால் கடுங்குளிர் நாக்கை மரக்கச் செய்து, முளைகட்டிய தானியமான மால்ட்டின் இனிப்பையும் பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூவான ஹாப்ஸின் மணத்தையும் மறைத்துவிடும். உட்புறம் படிந்த பனித்துகள்கள் பீரில் கரைந்துள்ள கரியமில வாயுவைச் சட்டென்று வெளியேற்றுவதால் நுரை பொங்கி வழியும். பின்பு அந்தப் பனியே உருகிப் பீரை நீர்க்கச் செய்யும். நம் வீட்டு ஃப்ரீசர்களில் மீனும் அரைத்த மசாலாவும் இருக்கும் என்பதால், அந்த வாசம் குவளையில் ஏறிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பாத்திரம் கழுவும் இயந்திரத்திலிருந்து சூடு ஆறாமல் எடுத்த குவளையும் உதவாது. அதிலும் நுரைதான் மிஞ்சும். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவிக் கவிழ்த்து வைத்த குவளையை, ஊற்றுவதற்குச் சற்று முன்பு குழாயின் குளிர்ந்த நீரில் அலசி, துடைக்காமல் நீரை மட்டும் உதறிவிட்டு, அந்த ஈரத்தோடேயே பயன்படுத்துங்கள். ஈரமான சுவரில் பீர் வழுக்கி இறங்குவதால் நுரை அடங்கி எழும். அரை லிட்டர் உயரக் குவளையில் ஊற்றும் கோதுமைப் பீரான வைஸ்பியருக்கு இந்த அலசலை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். ஒரு லிட்டர் கொள்ளும் கனத்த மாஸ் குவளைக்கும் இது தேவை. அறை வெப்பத்தில் இருக்கும் அவ்வளவு கண்ணாடி, ஊற்றிய சிறிது நேரத்திலேயே பீரை ஓரிரு டிகிரி சூடாக்கிவிடும்.

ஜெர்மனியின் கொலோன் நகரில் வேறு வழி கண்டிருக்கிறார்கள். அங்கே கோல்ஷ் பீரை ஸ்டாங்கே என்னும் 0.2 லிட்டர் மெல்லிய குவளையில் தருவதால், சூடேறுவதற்குள் அது தீர்ந்துவிடும். குவளைக்கு அடியில் வைக்கும் அட்டையை எடுத்து நாம் அதன் மேல் வைத்து மூடும்வரை பணியாளர் அடுத்தடுத்துக் கொண்டுவந்துகொண்டே இருப்பார்.

என் விருப்பம் பீருக்கேற்ப மாறும். ஜூலை வெயிலில் ஹெல்லெஸ் என்னும் வெளிர்நிறப் பீர் குடிக்க, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் சிறிது நேரம் வைத்த குவளை எனக்குப் பிடிக்கும். பீர் 7 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் போதும். டோப்பல்பாக் போன்ற அடர்த்தியான பீருக்கோ 10 டிகிரியும் அறை வெப்பத்துக் குவளையுமே சரி, ஏனெனில் அதன் வறுத்த மால்ட் மணம் குளிரில் எழும்புவதில்லை.

விருந்தினரில் வயதானவர் எவரேனும் குளிர் குறைந்த பீர் கேட்டால் வியப்படையாதீர்கள். வெந்நீர் நிரப்பிய உலோகக் குழாயைக் குவளைக்குள் தொங்கவிட்டுப் பீரின் குளிரைப் போக்கும் வழக்கமும் இந்நாட்டில் உண்டு. அத்தகையவர்களுக்காக இரண்டு குவளைகளை அலசாமல் மேசையிலேயே எடுத்து வையுங்கள்.