எந்தப் பையில் போகும்? – வாசகர் கேமரா கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: தினமும் கூடவே கொண்டுபோக சின்ன கேமரா வாங்கலாமா, பெரியதையே சுமக்கலாமா. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வடசேரியிலிருந்து மார்த்தாண்டத்துக்கு தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். கேனன் 1500டி-யும் கூட வந்த இரண்டு லென்ஸும் பீரோவில் இருக்கின்றன. வாங்கிய வருடம் நிறைய எடுத்தேன், இப்போது எடுப்பதே இல்லை. விற்றுவிட்டு சின்ன கேமரா வாங்கட்டுமா? வீட்டில் போனே போதும் என்கிறார்கள்.
– ஓர் ஆசிரியை, வடசேரி

டீச்சர், விற்பதைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். லென்ஸைக் கழற்றி, இரண்டு பக்க மூடியையும் எடுத்துவிட்டு, பின்பக்கம் போன் டார்ச்சை அடித்து முன்பக்கத்திலிருந்து கொஞ்சம் சாய்வாகப் பாருங்கள். கண்ணாடிக்குள் சிலந்தி நூல் மாதிரி, வேர் விட்ட மாதிரி வெளுப்பாக ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை. நம் மாவட்டத்தில் ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை, அதுபோக வருடம் முழுக்க உப்புக் காற்று. பைக்குள் சுற்றி பீரோவில் அடைத்து வைத்த லென்ஸ்தான் இங்கே முதலில் கெடுகிறது. தினமும் வெளிச்சமும் காற்றும் படுகிற லென்ஸ் அவ்வளவு சீக்கிரம் கெடாது. விற்பதானாலும் வைத்திருப்பதானாலும், இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு அதற்குள் வையுங்கள்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். கேமரா வாங்க யார் யோசனை கேட்டாலும் நான் முதலில் கேட்பது, அது எங்கே இருக்கப் போகிறது என்பதைத்தான். எத்தனை மெகாபிக்சல், எந்தக் கம்பெனி என்பதெல்லாம் அதற்குப் பிறகு. சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், குடை, திருத்த வேண்டிய நோட்டுக்கட்டு எல்லாம் போன பிறகு உங்கள் தோள்பையில் மிச்சம் எவ்வளவு இடம்? அந்த இடத்தின் அளவுதான் உங்கள் கேமராவின் அளவு. வெளிநாட்டு விமர்சனங்களைப் படித்தால் 'கோட் பையில் அடங்கும்' என்று எழுதியிருப்பார்கள். நாகர்கோவில் வெயிலில் யார் கோட் போடுகிறார்கள்? ஆண்களுக்கு ஒரு சட்டைப் பை, ஒரு பேன்ட் பை. சேலைக்கும் பல சுடிதார்களுக்கும் அதுவும் இல்லை. ஆகவே 'பைக்குள் அடங்கும் கேமரா' என்ற பட்டியலில் பாதி நமக்குப் பொருந்தாது.

கடைக்குப் போகுமுன் ஒரு வாரம் இப்படிச் செய்து பாருங்கள். 1500டி பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா, சுமார் 475 கிராம், கூட வரும் 18-55 லென்ஸ் சுமார் 200. சின்ன கேமராக்களில் ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100-6 பேட்டரி, கார்டோடு 521 கிராம், ரீகோ ஜிஆர்-3 257 கிராம். அதாவது முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, அரைக்கிலோ, கால்கிலோ. வீட்டில் சர்க்கரை இருக்கும், கால்கிலோ பொட்டலங்களாகக் கட்டிப் பையில் போட்டு திங்கள் முதல் வெள்ளி வரை பஸ்ஸில் ஏறி இறங்குங்கள். எந்த எடையில் தோள் 'இன்றைக்கு வேண்டாமே' என்று சொல்கிறதோ அதற்குக் கீழே வாங்குங்கள். நான் பலரைச் செய்யச் சொல்லியிருக்கிறேன், அரைக்கிலோவே அதிகம் என்றுதான் நிறையப் பேர் திரும்பி வந்தார்கள்.

ஆனால் புதுசு வாங்கச் சொல்லுமுன் இன்னொரு வழி இருக்கிறது. கேனனில் 24 எம்எம் எஃப்2.8 என்று தட்டையான லென்ஸ் ஒன்று உண்டு, 'பேன்கேக்' என்பார்கள். 125 கிராம், தடிமன் 23 மில்லிமீட்டர்கூட இல்லை. 18-55-ஐக் கழற்றிவிட்டு அதை மாட்டினால் கேமராவின் மூக்கு போய்விடும், பையில் நட்டுக்குத்தலாக நிற்காமல் நோட்டுக்கட்டின் பக்கத்தில் சரிந்து படுக்கும். ஜூம் கிடையாது, நீங்கள்தான் இரண்டடி முன்னும் பின்னும் நகர வேண்டும். தினசரி படத்துக்கு அது போதும். பழைய லென்ஸ் நல்ல நிலையில் கிடைத்தால், புதுக் கேமரா விலையில் ஒரு சிறு பங்கில் காரியம் முடிந்துவிடும். அதற்கும் பை இடம் தராவிட்டால் மட்டும் ஜிஆர்-3 மாதிரி ஒன்றை யோசியுங்கள். உங்கள் 1500டி-யில் இருக்கும் அளவு சென்சார்தான் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) அந்தச் சின்ன உடம்பிலும் இருக்கிறது, கொஞ்சம் பெரிதே. பேட்டரி மட்டும் ஒரு தடவை சார்ஜுக்கு 200 படம் அளவில் தீர்ந்துவிடும், கூடுதலாக ஒன்று வாங்கியே ஆக வேண்டும்.

போன் போதாதா என்றால், நிறையப் பேருக்குப் போதும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பஸ் ஜன்னலில் வேளிமலைப் பக்கம் மேகம் இறங்குவதைப் பார்த்துப் போனை எடுக்கிறீர்கள், பள்ளிக் குழுவில் ஒரு தகவல் வந்து நிற்கிறது, அதைப் பார்த்து முடிப்பதற்குள் தக்கலை வந்துவிடுகிறது. படம் மட்டுமே எடுக்கத் தெரிந்த ஒரு பொருள் கையில் இருந்தால் கண் வெளியிலேயே இருக்கும். கேமராவை நான் விடாமல் தூக்கிக்கொண்டு போவது அதனால்தான்.

அண்ணாச்சி, அப்பாவுக்குப் பூச்சந்தையில் வேலை. விடியுமுன் சந்தையை எடுக்க ஆசை. ஒரு அங்குல சென்சார் உள்ள பழைய சோனி ஆர்எக்ஸ்100 ஒன்று விலைக்கு வருகிறது. இருட்டில் படம் தேறுமா, ஃபுல் ஃபிரேம்தான் வேண்டுமா?
– கல்லூரி மாணவர், தோவாளை

தம்பி, ஒரு அங்குலம் என்பது பெயர்தான். பழைய வீடியோ கேமராக் குழாய்களின் விட்டத்தை வைத்துச் சொன்ன கணக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உண்மையில் அந்தச் சென்சார் 13.2 மில்லிமீட்டருக்கு 8.8. விலை கூடிய பெரிய கேமராக்களில் வரும் ஃபுல் ஃபிரேம் சென்சார் 36-க்கு 24, அதாவது பரப்பில் ஏழு மடங்குக்கு மேல். இதைக் கேட்டதும் சின்னது வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதே. 2012-இல் வந்த அந்த முதல் ஆர்எக்ஸ்100-இல் ஜூம் போடாத இடத்தில் லென்ஸ் எஃப்1.8. இந்த எண் குறையக் குறைய லென்ஸ் திறப்பு பெரிது, வெளிச்சம் அதிகம். ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன சென்சார் உள்ள 1500டி மாதிரி கேமராவோடு வரும் சாதாரண 18-55 அதே இடத்தில் எஃப்3.5. சென்சார் பரப்பையும் லென்ஸ் திறப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஜூமைத் தொடாதவரை இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சத்தைத்தான் வாங்குகின்றன, சொல்லப்போனால் சின்னது கொஞ்சம் மேலே. ஜூமை முழுதாக இழுத்தால் எஃப்4.9 ஆகிவிடும், அங்கேதான் சின்னது தோற்கும். ஆகவே அதை வாங்கினால் ஜூமை மறந்துவிட்டுப் பக்கத்தில் போய் நின்று எடு.

சந்தையில் எல்இடி பல்பு நிறைய. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில பல்புகள் நொடிக்கு நூறு தடவை கூடிக் குறையும், படத்தில் பட்டை பட்டையாக விழும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கையசைவு நிற்க வேண்டுமானால் 1/100.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். தோவாளையில் ஒரு அக்கா பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பெரிய கேமராவும் தடியான லென்ஸுமாகப் போய் நின்றதும் கை நின்றுவிட்டது. முந்தானையைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்து என்னையே பார்த்தார்கள், வந்தது ஒரு பாஸ்போர்ட் போட்டோ. இரண்டு வாரம் கழித்துச் சின்ன கேமராவோடு போய், எடுக்கட்டுமா என்று கேட்டேன், "எடும்" என்றுவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். இந்தப் பக்கம் இரண்டு பூ, அந்தப் பக்கம் இரண்டு பூ, நாரை விரலில் ஒரு சுற்று, ஒரு இழுப்பு, நனைந்த நார் விரல் நுனியில் பதித்த கோடுவரை படத்தில் இருக்கிறது. இரண்டு தடவையும் அதே அக்கா, அதே பல்பு. அதற்காகச் சின்ன கேமராவை மறைத்து வைத்து எடுக்காதே, கேட்டுவிட்டு எடு. எடுத்ததைத் திருப்பிக் காட்டு.

அசையும் லென்ஸ் உள்ள பழைய கேமராவை வாங்கும்போது ஆன் ஆஃப் செய்து காதருகே வைத்துக் கேள். என்னுடைய ஒன்று சொத்தவிளைக் கடற்கரையில் மணல் ஏறி, லென்ஸ் வெளியே வரும்போதெல்லாம் கரகரவென்றது. ஒருநாள் பாதியில் நின்று உள்ளேயும் போகவில்லை வெளியேயும் வரவில்லை. பழுதுபார்க்கக் கேட்ட காசுக்கு இன்னொரு பழைய கேமராவே கிடைத்தது. இந்த வகைக் கேமராவில் லென்ஸைக் கழற்றவே முடியாது, சென்சாரில் தூசி விழுந்தால்கூட வீட்டில் துடைக்க வழியில்லை.

வள்ளத்தில் கடலுக்குப் போகிறேன். கேமராவை தினமும் கொண்டுபோக வேண்டும். தண்ணீர் தெறிக்கும். எது வாங்க?
– மீன்பிடித் தொழிலாளி, குளச்சல்

உங்களுக்குப் படத்தின் தரம் இரண்டாவது, உயிரோடு திரும்பி வருவது முதலாவது. ஒலிம்பஸ் டிஜி-6, இப்போது ஓஎம் சிஸ்டம் பெயரில் வரும் டிஜி-7, இவை உறை எதுவும் இல்லாமலேயே 15 மீட்டர் ஆழம்வரை தாங்கும். கால்கிலோ அளவுதான். சென்சார் மிகச் சின்னது, விடியுமுன் எடுக்கும் படங்களில் குருணை குருணையாகப் புள்ளிகள் தெரியும், அதை ஏற்றுக்கொண்டுதான் வாங்க வேண்டும். பகலில் வலை இழுப்பதை எடுக்க ஒரு குறையும் வராது.

கரைக்கு வந்ததும் மூடியெல்லாம் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கி வையுங்கள், உப்பு காயவே கூடாது. அப்படிக் கழுவிய ஈரம் காய்ந்த பிறகுதான் பேட்டரி மூடியைத் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளே ஒரு ரப்பர் வளையம் தெரியும், அதன்மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். ஒரு முடியோ ஒரு மணலோ அதில் படுத்திருந்தால் போதும், அடுத்த அலையில் தண்ணீர் உள்ளே போய்விடும். அந்த வளையத்தை வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

தேரூர் குளத்துப் பறவைகளை எடுக்க சின்ன கேமரா போதுமா? தினமும் காலையில் நடக்கப் போகும்போது கொண்டுபோவேன்.
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், சுசீந்திரம்

சார், போதாது. சுசீந்திரம் – தேரூர் நீர்நிலை 2022-இல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது, நடைப்பயிற்சிக்கு அப்படி ஓர் இடம் வாய்த்திருக்கிறது உங்களுக்கு. ஆனால் கூழைக்கடா கரையிலிருந்து தள்ளித்தான் நிற்கும். சட்டைப் பைக் கேமராவில் எடுத்தால் தண்ணீரில் ஒரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். நெருங்கிப் போனால் பறந்துவிடும், நெருங்கவும் கூடாது.

நடக்கிறவருக்கு நான் சொல்வது பிரிட்ஜ் கேமரா, அதாவது கழற்ற முடியாத நீண்ட ஜூம் லென்ஸ் உள்ள வகை. நிக்கான் பி900 மாதிரி: ஃபுல் ஃபிரேம் கணக்கில் 24 முதல் 2000 எம்எம் வரை ஒரே லென்ஸ், எடை 899 கிராம். அதே தூரத்தைப் பெரிய சென்சாரில் எட்ட வேண்டுமானால் லென்ஸ் மட்டும் பல கிலோ வரும், அதோடு ஸ்டாண்டும். பி900-இன் சென்சார் போனில் இருப்பதைவிடவும் சிறியதாக இருக்கலாம், மந்தாரமான காலையில் இறகு நுணுக்கம் மெழுகிவிட்ட மாதிரி வரும். வெயில் ஏறி வரும் நேரம், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும் கரையாகப் பார்த்து நடங்கள். வெயிலில் திரை தெரியாது, அதில் கண்ணை ஒட்டி வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் இருப்பது பெரிய உதவி. ஜிஆர்-3 போன்ற சின்ன கேமராக்களில் அது இல்லை என்பதைக் கன்னியாகுமரிக் கடற்கரையில் உச்சிவெயிலில் எடுக்க நினைப்பவர்களும் கவனிக்க வேண்டும்.

கல்யாண வேலைக்குச் சின்ன கேமரா?
– மார்த்தாண்டம்

வேண்டாம். இரண்டு மெமரி கார்டு போடும் வசதியுள்ள பாடி வாங்குங்கள், இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும்படி வையுங்கள். தாலி கட்டும் நேரம் திரும்ப வராது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளை எடுக்க வேண்டுமானால் சின்னது வாங்கிக்கொள்ளுங்கள்.

சின்ன கேமரா வாங்கிவிட்டேன். பைக்கில் திற்பரப்பு, பேச்சிப்பாறை என்று சுற்றுகிறேன். கழுத்துப் பட்டையா, கைப்பட்டையா?
– குலசேகரம்

கைப்பட்டை. கழுத்தில் தொங்கினால் வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பெட்ரோல் டேங்கில் இடிக்கும், திரும்பும்போது ஹேண்டிலிலும் மாட்டும். ஓட்டும்போது தோள்பைக்குள் வையுங்கள், டிக்கியில் வேண்டாம், அங்கே சூடும் அதிர்வும் அதிகம். இறங்கியதும் பட்டையை மணிக்கட்டில் மாட்டிவிட்டுத்தான் ஆன் செய்ய வேண்டும். திற்பரப்புப் பாறை வழுக்கும், விழுகிற நேரத்தில் கை கேமராவை விட்டுவிட்டுத் தரையைத்தான் தேடும். பட்டையின் மெல்லிய கயிறு கேமரா உடம்பைத் தொடும் இடத்தில்தான் முதலில் நைந்துபோகும், மாதம் ஒருமுறை அந்த முடிச்சை இழுத்துப் பார்த்துவிடுங்கள்.