சட்டம் கேளுங்கள்: டிக்ரி கையில், பணம் எப்போது?

கே: கைமாற்றாகக் கொடுத்த 3 லட்சம் ரூபாய்க்கு 2022 மார்ச்சில் வட்டியுடன் டிக்ரி (பணத்தைத் தரச் சொல்லும் நீதிமன்றத் தீர்ப்பாணை) ஆனது. தர வேண்டியவர் அரசுப் பள்ளி ஆசிரியர். ஒரு பைசா வரவில்லை. சில நாடுகளில் தீர்ப்பை நிறைவேற்றவே தனித் துறை உண்டாமே, இங்கே யாரிடம் போவது?
– வாசகி, கும்பகோணம்

ப: ரஷ்யாவில் அப்படியொரு தேசியத் துறை இருக்கிறது. நீதிமன்றக் காவல், தீர்ப்புப் பண வசூல் இரண்டும் அதன் வேலை. இங்கே, டிக்ரி கொடுத்த நீதிமன்றத்தில் நீங்கள்தான் நிறைவேற்று மனு போட வேண்டும். அதன் வாரண்டோடு ஜப்திக்கு வரும் நீதிமன்ற ஊழியர்தான் அமீனா. கெடு 12 வருடம், ஆகவே 2034 மார்ச் வரை. ஆனால் டிக்ரியாகி 2 வருடம் தாண்டினால் முதலில் எதிராளிக்கு நோட்டீஸ் போகும். அந்த இடைவெளியில் சொத்தைக் கைமாற்றுகிறவர்கள் உண்டு. இனியும் தள்ளாதீர்கள்.

முதலில் சம்பளம். 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. இந்தக் கணக்குக்கு எடுக்கும் சம்பளம் 40,000 என்றால் மாதம் 13,000 வரும். ஒரே டிக்ரிக்கு மொத்தம் 24 மாதம்தான் பிடிக்கலாம்; ஆக 3,12,000. வட்டியும் செலவுத்தொகையும் சேர்ந்தால் அது போதாது. சம்பளம் வழங்கும் அலுவலரின் பதவி, முகவரியைப் பிழையின்றி எழுதுங்கள். உத்தரவு கிடைத்தும் பிடிக்காமல் விட்டால் அந்தத் தொகைக்கு அரசே பொறுப்பு.

மீதிக்கு அவர் வீடு. பலர் சறுக்குவது இங்கேதான். அமீனா வாரண்டில் இருப்பதை வைத்தே இடத்தைத் தேடுவார். சர்வே எண், உட்பிரிவு, நான்கெல்லை, கதவு எண் இவற்றில் ஒன்று பிசகினாலும் ‘சொத்தை அடையாளம் காண முடியவில்லை’ என்று வாரண்ட் திரும்பிவிடும், அமீனாவை அனுப்பக் கட்டும் கட்டணமான பேட்டாவை மறுபடி கட்ட வேண்டிவரும். பழைய பத்திரத்தை மட்டும் நம்பினால் பிற்பாடு பிரிந்த உட்பிரிவு எண் விட்டுப்போகும்; புதிதாக வில்லங்கச் சான்றும் பட்டா நகலும் எடுத்து ஒப்பிட்டு எழுதுங்கள். ஜப்தியைத் தமுக்கடித்துச் சொல்லி, வீட்டின் கண்ணில் படும் இடத்திலும் நீதிமன்றத்திலும் நகல் ஒட்டுவார்கள். ஏலம் எடுப்பவர் அங்கேயே 25 சதவீதமும் 15 நாளுக்குள் மீதியும் கட்டியாக வேண்டும்.

கே: கணவர் மீது பண டிக்ரி இருக்கிறது. அமீனா வந்தால் என் தாலியைக் கேட்பாரா?
– வாசகி, திருவாரூர்

ப: கேட்க முடியாது. மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை, சமையல் பாத்திரம், உடுதுணி, படுக்கை எல்லாவற்றுக்கும் சிவில் நடைமுறைச் சட்டம் 60-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. பொழுது சாய்ந்த பின்போ விடியுமுன்போ வீட்டுக்குள் நுழையவும் கூடாது. உங்களுக்குச் சொந்தமான வேறு பொருளை ஜப்தி செய்தால் ரசீதோடு உடனே உரிமை கோரும் மனு போடுங்கள். பொருள் ஏலம் போன பிறகு அந்த மனுவை ஏற்க மாட்டார்கள்.