சின்ன எக்ஸ்ரே, பெரிய எக்ஸ்ரே, அப்புறம் ஸ்கேன்... ஒரே பல்லுக்கு எதுக்கு மூணு?

கும்பகோணத்துல இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்காங்க. வயசு 32. கீழ்த்தாடையில வலது பக்கம் கடைசிப் பல்லு, அதாவது ஞானப்பல்லு, பாதி வெளிய பாதி ஈறுக்குள்ளன்னு சாஞ்சு கெடக்கு, மூணு மாசமா வீங்குறதும் வடியுறதுமா இருக்கு. பல் டாக்டர்கிட்ட போனப்ப முதல் நாள் வாய்க்குள்ள வச்சு சின்னதா ஒரு எக்ஸ்ரே எடுத்தாங்களாம், அதுல முழுசா தெரியலன்னு வெளிய ஒரு சென்டருக்கு அனுப்பி ஓபிஜி, அதாவது ரெண்டு தாடையும் ஒரே படத்துல விழுற பெரிய எக்ஸ்ரே, எடுக்க சொன்னாங்களாம், அதையும் பாத்துட்டு இப்ப சிபிசிடின்னு தாடையை முப்பரிமாணத்துல காட்டுற ஸ்கேன் வேணும்ங்கறாங்களாம். "ஒரு பல்லு புடுங்க மூணு எக்ஸ்ரேவா டாக்டர், காசுக்காகத்தான் எழுதிக் கொடுக்குறாங்களா, இவ்ளோ ரேடியேஷன் உடம்பு தாங்குமா, 8 வயசுல எனக்கு ஒரு பொண்ணு இருக்கா, அவளுக்கும் செக்கப்ல எக்ஸ்ரே எடுக்கலாம்னு சொன்னாங்க, எடுக்கட்டுமா வேண்டாமா?" இதுதான் அவங்க கேள்வி.

சகோதரி, நீங்க கேட்டது ரொம்ப சரி, எல்லாரும் கேக்கணும். உங்க டாக்டர் எழுதின மூணும் எனக்கு நியாயமாத்தான் தெரியுது, ஆனா ஏன்னு உங்களுக்கு சொல்லாம சீட்டை மட்டும் கையில கொடுத்தது தப்பு. ஒவ்வொரு எக்ஸ்ரேவும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். அந்தக் கேள்வி என்னன்னு தெரிஞ்சுட்டா எது தேவை எது தேவையில்லன்னு நீங்களே புரிஞ்சுக்கலாம்.

முதல்ல எடுத்த சின்ன எக்ஸ்ரேவுக்கு ஐஓபிஏன்னு பேரு, ஃபிலிமுக்கு பதிலா சென்சார் வச்சு கம்ப்யூட்டர்ல பாத்தா ஆர்விஜின்னு சொல்லுவோம். படத்துல ரெண்டு மூணு பல்லுதான் தெரியும், ஆனா உச்சியில இருந்து வேர் நுனி வரைக்கும் அவ்ளோ தெளிவா வேற எதுலயும் தெரியாது. அடுத்த தடவை எடுத்தா ஸ்க்ரீன்ல கொஞ்சம் உத்துப் பாருங்க. மேல வெள்ளையா ஒரு தொப்பி மாதிரி இருக்குறது எனாமல், சொத்தை இருந்தா அந்த வெள்ளையில எலி கடிச்ச மாதிரி கருப்பா ஒரு குழி விழுந்திருக்கும். வேரைச் சுத்தி பென்சில்ல கோடு போட்ட மாதிரி மெல்லிசா ஒரு வெள்ளைக்கோடு ஓடும், அது அறுபடாம இருந்தா நாங்க நிம்மதியா மூச்சு விடுவோம். வேர் நுனியில அந்தக் கோடு காணாமப் போயி மிளகு சைஸுக்கு ஒரு கருப்பு வட்டம் தெரிஞ்சா அங்க எலும்பு கரைஞ்சிருக்குன்னு அர்த்தம், பெரும்பாலும் பல்லோட நரம்பு செத்து கிருமி வேர் வழியா இறங்கியிருக்கும். ரூட் கேனால் பண்ணும்போது நடுவுல ரெண்டு மூணு தடவை எடுக்குறதும் இதுதான், வேருக்குள்ள இருக்குற குழாயோட நீளம் சரியா இருக்கா, மருந்து நுனி வரைக்கும் நிரம்பிருக்கான்னு பாக்க வேற வழி கம்மி. அதுக்கு தயவுசெஞ்சு டாக்டர்கிட்ட கோச்சுக்காதீங்க.

உங்க பிரச்சினை என்னன்னா ஞானப்பல்லு தாடையோட கோடியில இருக்கு, அங்க சென்சாரைத் தள்ளினாலே பலருக்கு ஓங்கரிச்சுக்கிட்டு வரும், வேர் முழுசா படத்துல விழாது. அதனாலதான் ஓபிஜி. தலையைச் சுத்தி மெஷின் ஒரு 15 செகண்ட் கிட்ட சுத்தி, லாடம் மாதிரி வளைஞ்சிருக்குற தாடையை அப்படியே பாயை விரிச்ச மாதிரி விரிச்சுக் காட்டும். மேல் பல், கீழ் பல், முளைக்காத பல், தாடை மூட்டு, மேல சைனஸ்னு எல்லாம் ஒரே படத்துல. ஆனா சின்ன சொத்தையைக் கண்டுபிடிக்க ஓபிஜி சரிப்படாது, படம் கொஞ்சம் மங்கலாவும் பெருசாவும் விழும், முன்பல் பக்கம் கழுத்தெலும்போட நிழல் வேற ஏறும். ஒரே ஒரு பல்லுல வலின்னு போனா உடனே ஓபிஜி எடுத்துட்டு வாங்கன்னு சொன்னா ஏன்னு கேளுங்க.

இப்ப உங்க ஓபிஜியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. கீழ்த்தாடைக்குள்ள தண்டவாளம் மாதிரி ரெண்டு மெல்லிசு வெள்ளைக்கோடு பின்னால இருந்து முன்னால ஓடும், அதுக்குள்ளதான் கீழ் உதட்டுக்கும் தாடைக்கும் உணர்ச்சி கொடுக்குற நரம்பு போகுது. ஞானப்பல்லோட வேர் அந்தத் தண்டவாளத்து மேல ஏறி உக்காந்திருக்கா, அந்த இடத்துல வெள்ளைக்கோடு அறுந்து போச்சா, வேர் திடீர்னு கருப்பா தெரியுதா, தண்டவாளமே அங்க வளைஞ்சு போகுதா, இதுல எது இருந்தாலும் நரம்பும் வேரும் ஒட்டிக்கிட்டு இருக்கலாம்னு சந்தேகம் வரும். உங்க டாக்டருக்கு வந்தது அந்த சந்தேகமாத்தான் இருக்கணும். ஓபிஜி தட்டையான படம், நரம்பு வேருக்கு நாக்குப் பக்கம் போகுதா கன்னத்துப் பக்கம் போகுதா இல்ல ரெண்டு வேருக்கு நடுவுல போகுதான்னு அதுல தெரியவே தெரியாது. சிபிசிடி அதை மூணு பக்கமும் துண்டு துண்டா வெட்டிக் காட்டும். இது தெரியாம பல்லை எடுத்து நரம்பு அடிபட்டா உதடு மரத்துப் போகும், காபி வாயோரம் வழிஞ்சாகூட தெரியாது, சிலருக்கு மாசக்கணக்குல சரியாகும், சிலருக்கு கடைசி வரைக்கும் இருக்கும். ரொம்ப ஒட்டிக்கிட்டு இருந்தா பல்லோட தலையை மட்டும் வெட்டி எடுத்துட்டு வேரை அப்படியே விட்டுடுற முறைகூட இருக்கு. பாருங்க, ஸ்கேன்ல என்ன தெரியுதுங்கறதைப் பொறுத்து ஆபரேஷனே மாறுது. அதனால ஸ்கேன் எடுத்துக்கோங்க, ஆனா ரெண்டு தாடையும் முழுசா வேண்டாம், அந்தப் பக்கம் மட்டும் சின்ன ஏரியா போதுமான்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு சீட்டுலயே எழுதி வாங்கிட்டுப் போங்க, டோஸ், அதாவது உடம்புல விழுற கதிரோட அளவு, நல்லாவே குறையும்.

டோஸ் விஷயத்துக்கு வரேன். ரான்ட்ஜன்ங்கற ஜெர்மன் விஞ்ஞானி எக்ஸ்ரேவைக் கண்டுபிடிச்சது 1895 நவம்பர்ல, ரெண்டே மாசத்துல ஜெர்மனியில வால்காஃப்னு ஒரு பல் டாக்டர் தன்னோட பல்லையே படம் எடுத்தாரு, அதுக்கு அவரு 25 நிமிஷம் அசையாம இருக்க வேண்டியிருந்துச்சு. இன்னைக்கு சென்சார்ல ஒரு செகண்ட்ல சின்னப் பங்குதான். நம்ம மண்ணு, காத்து, சாப்பாடு, வானம்னு எல்லாத்துல இருந்தும் ஒரு மனுஷனுக்கு வருஷத்துக்கு சராசரியா 2.4 மில்லிசீவர்ட் (கதிர் அளவோட யூனிட், ஒரு மில்லிசீவர்ட்னா ஆயிரம் மைக்ரோசீவர்ட்) கதிர் வந்துட்டேதான் இருக்கு, அதாவது ஒரு நாளைக்கு 6, 7 மைக்ரோசீவர்ட். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி கடற்கரையில மோனசைட்னு கதிர் வீசுற தாது மணல் இருக்குறதால அங்க இயற்கையாவே இன்னும் கூட. ஒரு சின்ன எக்ஸ்ரே பெரும்பாலும் 10 மைக்ரோசீவர்ட்டுக்குள்ள, ஓபிஜி சுமார் 10லேருந்து 25, ஆக முதல் ரெண்டும் சேர்ந்தாலும் நாலஞ்சு நாள் சும்மா வீட்ல இருந்தா வர்ற அளவுதான். சிபிசிடி மட்டும் மெஷினையும் ஏரியாவையும் பொறுத்து சில பத்துல இருந்து பல நூறு வரைக்கும் போகும், அதனாலதான் அதை செக்கப்புக்கு எடுக்கக் கூடாது, காரணம் இருந்தாதான் எடுக்கணும். கதிரைத் தடுக்குற ஈய அங்கி, அதாவது லெட் ஏப்ரன், போடலன்னு சிலர் பயப்படுறாங்க, அமெரிக்க பல் மருத்துவ சங்கமே 2024ல இனி ஏப்ரனும் கழுத்துப் பட்டையும் தேவையில்லன்னு சொல்லிடுச்சு, இப்ப கதிரை தேவையான இடத்துல மட்டும் விழுற மாதிரி அடக்கிடலாங்கறதால. உங்க மனசுக்கு வேணும்னா கேட்டு வாங்கிப் போட்டுக்கலாம், ஓபிஜியில மட்டும் கழுத்துப் பட்டை படத்தை மறைக்கும். மாசமா இருந்தா முதல்லயே சொல்லிடுங்க. சும்மா செக்கப்னா தள்ளி வைக்கலாம், சீழ் பிடிச்சு வலின்னா எக்ஸ்ரே எடுத்து வைத்தியம் பாக்குறதுதான் பிள்ளைக்கும் நல்லது.

பொண்ணு விஷயம். 8 வயசுல பின்னாடி பால்பல்லுங்க ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிட்டு நிக்கும், சொத்தை அந்த இடுக்குலதான் ஆரம்பிக்கும், கண்ணாடி வச்சுப் பாத்தாலும் தெரியாது. அதுக்குன்னே இருக்குறது பைட்விங் எக்ஸ்ரே, ஒரு சின்ன அட்டையைக் கடிச்சுக்கிட்டா மேல் கீழ் கடைவாய்ப்பல்லு இடுக்கெல்லாம் தெரியும். நம்ம ஊர்ல இதை ரொம்பக் கம்மியா எடுக்குறாங்கங்கறது என் பெரிய வருத்தம். போன வருஷம் ஒரு பையன், வெளிய பாத்தா பளிச்சுனு பல்லு, எடுத்துப் பாத்தா நாலு பல்லு இடுக்குல கருப்பு. அதுலயும், எக்ஸ்ரேல தெரியுறதைவிட உள்ள சொத்தை எப்பவும் கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும், ஏன்னா கணிசமா தாதுச்சத்து கரைஞ்சப்புறம்தான் படத்துல கருப்பே விழும். அதனால உங்க பொண்ணுக்கு பல்லுங்க இடிச்சுக்கிட்டு நின்னா பைட்விங் ரெண்டு எடுக்கலாம், சொத்தை இல்லன்னா அடுத்தது ஒண்ணுலேருந்து ரெண்டு வருஷம் கழிச்சுப் போதும், பெரியவங்களுக்கு ரெண்டு மூணு வருஷம். பல்லுங்க நடுவுல இடைவெளி விட்டு இருந்தா பைட்விங்கும் வேண்டாம், கண்ணுலயே தெரிஞ்சுடும். ஓபிஜி எழுதினா மட்டும், எந்தப் பல்லைத் தேடுறீங்கன்னு கேளுங்க. ஒரு பக்கம் நிலையான பல்லு முளைச்சு ஆறு மாசம் ஆகியும் இன்னொரு பக்கம் பால்பல்லு அசையவே இல்லன்னா, அது சரியான காரணம்.

எந்த எக்ஸ்ரேவுமே எல்லாத்தையும் சொல்லாது. பல்லுல மயிரிழை விரிசல் இருந்தா பெரும்பாலும் தெரியாது, நேத்து ஆரம்பிச்ச சீழும் தெரியாது, எலும்பு கரைய நாளாகும். அதனால கையால தட்டிப் பாக்காம, குளிர் வச்சு சோதிக்காம, படத்தை மட்டும் பாத்து ரூட் கேனால் பண்ணலாம்னு யாராச்சும் சொன்னா கொஞ்சம் நிதானிங்க.

ஸ்கேன் எடுத்ததும் ஃபிலிம் மட்டும் வாங்கிட்டு வராதீங்க, சிடியோ லிங்கோ முழு ஃபைலா கேட்டு வாங்குங்க, நாளைக்கு வேற டாக்டரைப் பாத்தாலும் திரும்ப எடுக்க வேண்டியதில்ல. அந்த மூணு படத்தையும் ஒண்ணாவே எடுத்துட்டுப் போயி உங்க டாக்டர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நரம்பு வேருக்கு எந்தப் பக்கம் போகுது, காட்டுங்க." ஸ்க்ரீன்ல விரல் வச்சுக் காட்டிட்டாருன்னா தைரியமா தேதி குறிச்சுக்கோங்க. அதுவரைக்கும் வெதுவெதுப்பான உப்புத்தண்ணி கொப்பளிங்க, வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ வாய் திறக்க முடியலன்னாலோ அன்னைக்கே போயிடுங்க.