சும்மாயிருப்பது எத்தனை நாள்?

ஐயா வணக்கம்,

பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் 11 வருடம் வேலை பார்த்தேன். சாமான் குறைந்ததற்கு என் கையெழுத்தைக் காட்டி சூப்பர்வைசர் என்னை மாட்டிவிட்டார். வேலை போய் இன்றோடு 41 நாள். புகார் கொடுக்கலாம் என்றால் ஜெபக்கூட்டத்து மூப்பர், "கர்த்தர் உங்களுக்காக யுத்தம்பண்ணுவார், நீங்கள் சும்மாயிருப்பீர்கள்" என்று வசனம் சொல்லித் தடுக்கிறார். புகார் கொடுத்தால் அவிசுவாசமா? அந்த ஆளுக்காக ஜெபிக்கவும் சொல்கிறார். வாய் வரவில்லை. பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரருக்கு,

முதலில் நாள் கணக்கு. மலேசியாவின் 1967-ஆம் ஆண்டுத் தொழில்துறை உறவுச் சட்டம், 20-ஆவது பிரிவு. நியாயமில்லாமல் வேலையை விட்டு நீக்கப்பட்டவர், மீண்டும் சேர்த்துக்கொள்ளும்படி 60 நாளுக்குள் தொழில்துறை உறவு இலாகாவில் மனுக் கொடுக்க வேண்டும். தவறினால் எடுக்க மாட்டார்கள். உங்களுக்கு மிச்சம் 19 நாள். சமரசப் பேச்சுக்கு வக்கீல் தேவையில்லை.

மூப்பர் சொன்னது யாத்திராகமம் 14:14. அவரிடம் அடுத்த வசனத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். "நீ என்னிடத்தில் முறையிடுகிறது என்ன? புறப்பட்டுப் போங்கள்" என்கிறார் கர்த்தர். இஸ்ரவேலருக்கு முன்னால் கடல், பின்னால் பார்வோனின் இரதங்கள். அந்த நிலையில்தான் நடக்கச் சொல்கிறார்.

எனக்கு இந்த விஷயத்தில் எப்போதும் நினைவுக்கு வருவது அப்போஸ்தலர் 23. காவலில் கிடக்கும் பவுலின் அருகே இரவில் கர்த்தர் நின்று, திடன்கொள், நீ ரோமாவுக்குப் போவாய் என்கிறார். இதைவிடப் பெரிய உத்தரவாதம் வேண்டுமா? விடிந்தால் 40 பேருக்கு மேல் கூடி, பவுலைக் கொல்லும்வரை சாப்பிடுவதில்லை, குடிப்பதில்லை என்று சபதம் போடுகிறார்கள். (அப்புறம் எப்போது சாப்பிட்டார்கள் என்று வேதம் சொல்லவில்லை.) பவுலின் அக்காவோ தங்கையோ, அவள் மகன் ஒருவன் இதைக் கேட்டு ஓடி வந்து சொல்கிறான். 'கர்த்தர் பார்த்துக்கொள்வார், நீ வீட்டுக்குப் போ தம்பி' என்று பவுல் சொல்லவில்லை. நூற்றுக்கு அதிபதியைக் கூப்பிட்டு, இவனைச் சேனாபதியிடம் அழைத்துப்போ என்கிறார். சேனாபதி பையனின் கையைப் பிடித்துத் தனியே கூட்டிப்போய் விசாரிக்கிறான். அன்று ராத்திரியே 470 வீரர்கள் காவலோடு பவுல் செசரியாவுக்குப் புறப்படுகிறார். விடுதலை வந்த வழி ஒரு பையனும் ரோமப் பட்டாளமும். உங்களுக்கு அது இலாகா கவுண்டராக இருக்கக் கூடாதா?

மூப்பரைக் குறை சொல்லவில்லை. நீங்கள் கசப்பில் ஏதாவது செய்துவிடுவீர்களோ என்று பயந்திருப்பார்.

அந்த ஆளுக்காக ஜெபிப்பது பற்றி. செந்தூலில் என் அம்மாவின் பைபிளில் 35-ஆம் சங்கீதம், முதல் வசனத்தின் கீழே சிவப்புப் பென்சில் கோடு: "கர்த்தாவே, நீர் என் வழக்காளிகளோடே வழக்காடி..." பென்சிலை அழுத்தி அழுத்திப் பின்பக்கம்வரை தடம் விழுந்திருக்கும். பகைவர் வியாதியாயிருந்தபோது அவர்களுக்காக உபவாசம் இருந்தேன் என்று தாவீது சொல்வதும் அதே சங்கீதம்தான், 13-ஆம் வசனம். அங்கே கோடு இல்லை. அந்தப் பைபிள் இப்போது என்னிடம். நானும் போடவில்லை. ஆகவே வாய் வராவிட்டால் இப்போதைக்கு முதல் வசனத்தையே சொல்லுங்கள். அதுவும் ஜெபம்தான்.

அதற்கிடையில் நீக்கக் கடிதம், சம்பளச் சீட்டு, கையெழுத்துப் போட்ட ஸ்டோர் தாள் நகல் இருந்தால் அது, மூன்றையும் எடுத்து வையுங்கள். மனுவை எழுதி எனக்கு அனுப்பினால் மலாயைத் திருத்தித் தருகிறேன். இந்த வாரமே அனுப்புங்கள்.